நர்ஸ் வீட்டுக்காரரே சொன்னார்

அத்தியாயம் 9

என் மனைவி என்னோடு பேசி நான்கு நாள் ஆகிறது. அடியோடு பேசவில்லை என்றும் சொல்ல முடியாது. வீட்டிலுள்ள சாமான்களோடு பேசுகிறாள். அது என் காதில் விழுந்தால் அவள் பொறுப்பில்லை.

வியாழக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு அவள் தண்ணீர் பாட்டிலைப் பார்த்து, "இன்னிக்காவது சில பேர் வாயை வீட்டுலயே வெச்சிட்டுப் போனா நல்லா இருக்கும்" என்றாள். பாட்டில் பதில் சொல்லவில்லை. நானும் பாட்டிலைப் பின்பற்றினேன்.

போன வாரம் நடந்ததைத் தவறவிட்டவர்களுக்காக என் அவமானத்தைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். விரித்துச் சொல்ல ஊரே தயாராக இருக்கிறது.

நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். பதினோரு ஸ்டாப், இருபத்தாறு பிள்ளைகள், ஒரு வாட்ஸ்அப் குரூப். வண்டி எங்கே வருகிறது என்பதைத் தினமும் அந்தக் குரூப்பில் என் குரலிலேயே போடுவேன். 'மூணாவது ஸ்டாப் இளவரசர் இன்னும் பல் தேய்ச்சிட்டு இருக்கார், மன்னர் குடும்பம் அனுமதி கொடுத்ததும் வண்டி கிளம்பும்' என்கிற ரகம். அதைக் கேட்பதற்காகவே சில அம்மாக்கள் சீக்கிரம் எழுந்துகொள்வதாகச் சொன்னார்கள். அந்தப் பெருமை என் மண்டைக்குள் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

என் மனைவி சுகாதார நிலையத்தில் நர்ஸ். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பின்னாளில் வராமல் தடுக்கும் ஊசியை, ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே வந்து போடும் திட்டம் அவள் பொறுப்பு. மூன்று மாதமாக அவள் ஏறாத மாடிப்படி இல்லை. தையல் யூனிட்டில் மதிய இடைவேளைக்குப் போய், வெட்டுத்துணிக் குவியல்மேல் அம்மாக்களோடு உட்கார்ந்து பேசினாள். பஸ் டெப்போவில் ஷிப்டு மாறுகிற நேரம் பார்த்து அப்பாக்களைப் பிடித்தாள். ஒரே கேள்வியை நூறு பேர் கேட்டார்கள். நூறாவது ஆளுக்கும் முதல் ஆளுக்குச் சொன்ன பொறுமையோடு பதில் சொன்னாள். வீட்டில் அந்தப் பொறுமையை நான் கண்டதில்லை. அது வேறு விஷயம். ஐம்பத்தெட்டுப் பெண்களில் ஐம்பத்தொரு வீட்டின் ஒப்புதல் படிவம் கையெழுத்தோடு வந்து சேர்ந்தது.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"அன்பான பெற்றோர்களே, ஒரு சோகச் செய்தி. எங்க வீட்டம்மா போடப்போற ஊசியால பொண்ணுங்களுக்கு எதிர்காலத்துல குழந்தையே பிறக்காதாம். அப்புறம் என் வேன்ல ஏற ஆள் ஏது? அதனால இப்பவே வேனை விக்கிறேன். வேணுங்கறவங்க முந்துங்க."

அதன்பின் என் சிரிப்பு. டீக்கடையில் காதில் விழுந்த வதந்தியை நான் கிண்டல் செய்கிறேனாம். மொத்தம் நாற்பது விநாடி.

யாரோ ஒரு புண்ணியவான் வேனையும் சிரிப்பையும் வெட்டி எறிந்துவிட்டு முதல் பதினைந்து விநாடியை மட்டும் அனுப்பி வைத்தார். கூடவே ஒரு வரி: நர்ஸ் வீட்டுக்காரரே சொல்கிறார்.

வேறு எவன் சொல்லியிருந்தாலும் அது வதந்தி. நான் சொன்னதால் உள்வீட்டுத் தகவல் ஆகிவிட்டது. நான்கே நாளில் ஐம்பத்தொன்று பதினேழானது. முப்பத்து நான்கு வீடுகள் படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டன. அதில் ஒன்று என் சொந்த அக்கா வீடு.

அந்த வியாழக்கிழமைதான் ஊசி போடும் நாள். இரண்டரை மணிக்கு மருந்துப் பெட்டி கிளம்பிவிடும்.

*

வண்டியை எடுப்பதற்கு முன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து இன்னொரு பதிவு போட்டேன். மூன்று தடவை ஒத்திகை பார்த்தேன்.

"நான் அன்னிக்குப் பேசினது முட்டாள்தனம். அந்த ஊசிக்கும் குழந்தை பிறக்கறதுக்கும் சம்பந்தமே கிடையாது. நான் காமெடி பண்றதா நினைச்சு பெரிய தப்பு பண்ணிட்டேன். தயவுசெஞ்சு இன்னிக்குப் பொண்ணுங்களுக்குப் போட்டுடுங்க. மன்னிச்சிடுங்க."

இரண்டாவது ஸ்டாப்புக்குள் பதில்கள் வந்துவிட்டன. சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடும் மஞ்சள் முகங்கள். எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொன்று. 'வீட்ல செம பூசை போல' என்று ஓர் அப்பா எழுதியிருந்தார். 'அழுகிற மாதிரி குரல் சூப்பர்' என்று இன்னொருவர்.

என் ஆயுளில் முதல்தடவையாக நிஜமாகப் பேசியிருக்கிறேன். ஜோக்குக்குக்கூட இத்தனை சிரிப்பு வாங்கியதில்லை.

நான்காவது ஸ்டாப் அம்மா பையைத் தூக்கி உள்ளே கொடுத்துக்கொண்டே, "அண்ணே, உங்க வாய்ஸைக் கேட்டு அடுப்புல பால் பொங்கினதே தெரியல" என்றார்.

"அது காமெடி இல்லம்மா. நிஜமாத்தான் சொன்னேன். பாப்பாவுக்குப் போட்டுடுங்க."

"மேடம் பக்கத்துல நின்னு பேச வெச்சாங்களா?"

"அவ என்கூடப் பேசறதே இல்லம்மா."

"பாத்தீங்களா. அதான் நானும் சொல்றேன்."

அவர் எதைச் சொல்கிறார் என்பது எனக்கு விளங்கவில்லை. ஆனால் அவருக்கு நன்றாக விளங்கியிருந்தது. திருப்தியோடு வீட்டுக்குள் போய்விட்டார்.

முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து வருவது அலாரம். அக்காவின் ஒரே மகள். பிறந்த புதிதில் தினமும் விடிகாலை சரியாக ஐந்து மணிக்கு வீறிட்டு அழுததால் நான் வைத்த பெயர். பள்ளிக்கூடப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது, அதை டீச்சர்கள் மட்டுமே பயன்படுத்துகிறார்கள். ஒன்பதாம் வகுப்பு. இன்னும் பத்தொன்பது நாளில் பதினைந்து வயது ஆகப்போகிறது.

பள்ளி வாசலில் மற்ற பிள்ளைகள் இறங்கிய பிறகும் அவள் இறங்கவில்லை.

"மாமா, ஒண்ணு சொல்லுவேன். அத்தைகிட்ட சொல்லக் கூடாது."

"உங்க அத்தை இப்ப என்கிட்ட பேசற நிலைமையில இல்ல. தைரியமா சொல்லு."

அவள் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தாள். ஒப்புதல் படிவம். கீழே அக்காவின் கையெழுத்து.

"அம்மா போட்டுட்டாளா?"

"நான் போட்டேன்."

வாங்கிப் பார்த்தேன். அக்கா கடைசி எழுத்தை இழுத்துச் சுழித்து ஒரு புள்ளி வைப்பாள். சுழியும் இருந்தது, புள்ளியும் இருந்தது.

"அத்தை கிளாஸுக்கு வந்து பேசினப்ப முதல்ல கை தூக்கினதே நான்தான் மாமா. அந்த நோயே வராம தடுக்கலாம்னா எதுக்கு வேணாங்கணும்? அம்மாகிட்ட கேட்டா அழறாங்க. காரணம் சொன்னா பதில் சொல்லலாம். அழுதா என்ன பண்றது?"

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து பலவிதமாக யோசித்துவிட்டேன். அப்போது செய்தது இதுதான்: சிரித்தேன்.

"உங்கம்மாவே பாத்தாலும் எப்போ போட்டோம்னு யோசிப்பா. பேங்க்ல உனக்கு வேலை நிச்சயம்" என்றேன்.

அவளும் சிரித்துவிட்டு இறங்கி ஓடினாள். பொறுப்புள்ள பெரியவன் ஒருவன் அங்கே இருந்திருந்தால் வேறுவிதமாகப் பேசியிருப்பான். அந்த வேனில் அப்படி யாரும் இல்லை.

*

அக்காவின் ஜெராக்ஸ் கடை பள்ளிக்கு எதிரே, சாலையைத் தாண்டினால் நான்காவது ஷட்டர். பொதுத் தேர்வு விண்ணப்பம் முதல் வாடகை ஒப்பந்தம் வரை அந்த வட்டாரத்து ஜாதகம் அத்தனையும் அவள் மெஷினுக்குள் ஒருதடவை போய் வந்தவை. அந்த ஐம்பத்தெட்டு ஒப்புதல் படிவங்களும் அதே மெஷினில் சூடாக வெளியே வந்தவைதான். என் மனைவி கேட்டபோது அக்கா முதல் ஆளாகத் தன் மகளுக்குக் கையெழுத்துப் போட்டுத்தான் மீதியை நகலெடுத்தாள். அந்தப் படிவத்தைத்தான் திங்கட்கிழமை போய்த் திரும்ப வாங்கி வந்தாள்.

என் திட்டம் எளிமையானது. அக்காவைப் பேசி மசிய வைத்து நிஜக் கையெழுத்து வாங்கிவிட்டால், பொய்க் கையெழுத்து என்று ஒன்று நடந்ததே யாருக்கும் தெரிய வேண்டாம்.

"வாடா வேன் வியாபாரி. ஆள் கிடைச்சாச்சா?" என்றாள், மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அக்கா, அது காமெடின்னு உனக்காவது தெரியுமில்ல?"

"தெரியாம என்ன? நாற்பது விநாடியும் முழுசா கேட்டேன். உன் கனைப்பையும் சேர்த்து."

"அப்புறம் ஏன்க்கா?"

அவள் காகிதக் கட்டைத் தட்டி நேராக்கினாள். நான்கு பக்கமும் தட்டினாள். நேராக இருந்த கட்டுதான் அது.

"கேட்டப்ப வயித்துல என்னவோ பண்ணிச்சுடா. காமெடின்னு மூளைக்குத் தெரியுது. வயித்துக்குத் தெரியல. அதை நீ எப்படி எடுப்ப?"

"உன் தம்பி பொண்டாட்டி நேத்து வந்து அவ்வளவு நேரம் விளக்கினாளே."

"விளக்கினா. ஒரு வார்த்தை குத்தம் சொல்ல முடியாது. இவ வயசுலதான் போடணும்னா, அப்பத்தான் நல்லா வேலை செய்யும்னா, எத்தனையோ பொண்ணுங்க போட்டுக்கிட்டு நல்லா இருக்காங்கன்னா. எல்லாம் புரிஞ்சுது." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஒன்பது வருஷம்டா. இவ பிறக்கறதுக்கு முன்னாடி, குழந்தைக்காக நான் போட்டுக்காத ஊசியா? ஒவ்வொண்ணுக்கும் ஒருத்தர் நல்லா சிரிச்ச முகமா, ஒண்ணும் ஆகாதும்மான்னுதான் சொன்னாங்க. சொன்ன மாதிரியே ஒண்ணும் ஆகல. ஒன்பது வருஷம் ஒண்ணுமே ஆகல."

நான் காகிதம் வெட்டும் கத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்பல்லாம் நீ எங்க வீட்டுக்கு வருவியே. வந்ததும் என்ன சொல்லுவ?"

ஞாபகம் இருந்தது. இல்லாததுபோல் முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

"அக்கா வீடுதான் நிம்மதி, அழற சத்தமே கேக்காது, காலை நீட்டித் தூங்கலாம். அதான? உன் மச்சான் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அப்புறம் உள்ள போவேன்."

"டீ போட."

"டீ போடத்தான் போனேன்னு நினைச்சியா?"

டீ எப்போதும் நேரம் கழித்துத்தான் வரும். அதற்கும் நான் தனியாக ஒரு ஜோக் வைத்திருந்தேன். டீத்தூளை நீ விதை போட்டு விளைவிக்கிறாயா அக்கா என்று. அந்த ஜோக்கை ஒன்பது வருடமாகச் சொல்லியிருக்கிறேன். பழசாகிவிட்டதே என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை.

"அக்கா" என்றேன்.

"உன்மேல கோவம் இல்லடா. நீ அப்படித்தான். ஆனா நீ சொல்றேங்கறதுக்காக நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீ நிஜமா பேசினா எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியல பாரு. எதை வெச்சு நம்பறது?"

படிவத்தைப் பற்றி நாக்கின் நுனிவரை வந்தது. சொன்னால் அவள் அப்போதே சாலையைத் தாண்டிப் போய் மகளை வரிசையிலிருந்து இழுத்து வந்துவிடுவாள். சொல்லவில்லை. இதற்கும் ஒரு பெயர் வேண்டுமே, அன்பு என்று வைத்துக்கொண்டேன்.

*

பள்ளியின் அறிவியல் ஆய்வகத்தில்தான் ஊசி. நீண்ட மேசைமேல் வெள்ளைத் துணி. ஒரு பக்கம் மருந்துப் பெட்டி, மறுபக்கம் பதிவேடு. போட்டுக்கொண்டவர்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து போக ஜன்னலோரம் பதினைந்து நாற்காலி. இளைய நர்ஸ் ஒருத்தி ஊசி போட, என் மனைவி படிவத்தைச் சரிபார்த்துப் பெயரைப் பதிந்துகொண்டிருந்தாள். குடிதண்ணீர் கேனைத் தூக்கி வரச்சொல்லித் தலைமையாசிரியை என்னைப் பிடித்துக்கொண்டார். அதனால்தான் உள்ளே போக முடிந்தது.

பதினேழு இருபத்திரண்டாகியிருந்தது. காலையில் என் மனைவி ஒவ்வொரு வீடாகப் போன் போட்டதில் ஐந்து அம்மாக்கள் மனம் மாறியிருந்தார்கள். அலாரம் வரிசையில் நின்றிருந்தாள், அவளுக்கு முன்னால் நான்கு பேர். அவள் படிவம் ஏற்கெனவே மேசைக்குப் போய்விட்டது. அதையும் சேர்த்தால் இருபத்து மூன்று.

கேனைக் கீழே வைத்தேன். என் மனைவி நிமிர்ந்தாள். முகத்தில் சிரிப்பு. எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

"அண்ணி கையெழுத்துப் போட்டுட்டாங்க" என்றாள், குரலைத் தாழ்த்தி. "நேத்து நான் அவ்வளவு பேசியும் அசையல. நீங்க பேசினீங்களா?"

நான்கு நாளுக்குப் பிறகு பாட்டில் வழியாக வராமல் நேராக என்னிடம் வந்த முதல் வாக்கியம்.

ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம். அலாரத்துக்கு நல்லது நடந்துவிடும். என் மனைவி வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்துச் சாப்பிடச் சொல்லுவாள். யாருக்கு என்ன நஷ்டம்?

வரிசையிலிருந்து அலாரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருவத்தை ஒருமுறை உயர்த்தினாள். எங்களுக்குள் அது பழைய சைகை. 'கண்டுக்காதீங்க' என்று அர்த்தம்.

அப்போது ஒரு பெண் வரிசையில் முன்னால் நகர்ந்தாள். என் மனைவி அந்தப் படிவத்தைக் கையில் எடுத்துக் கையெழுத்தைப் பார்த்து, கீழே இருந்த எண்ணுக்குப் போன் போட்டு, "அம்மா, நீங்கதான போட்டீங்க? முழு சம்மதம்தான? பயம் எதுவும் இருந்தா இப்பக்கூடச் சொல்லலாம், தப்பே இல்ல" என்று கேட்டு, பதில் வந்த பிறகே பதிவேட்டில் எழுதினாள். ஒவ்வொருவருக்கும் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அலாரத்தின் படிவத்துக்கு மட்டும் கேட்கவில்லை. சொந்த வீட்டுக் கையெழுத்து, எதற்குக் கேட்பானேன் என்று விட்டிருக்கிறாள்.

என் ஒரு பதிவு இவளுடைய மூன்று மாதத்தைத் தின்றுவிட்டது. மிச்சம் இருப்பது இந்தப் போன்தான். தாயைக் கேட்காமல் ஒரு பிள்ளைக்கும் போடமாட்டாள் என்கிற பேர். அதையும் நான் தலையாட்டிப் பறித்துக்கொள்வதா?

"அது அக்கா போட்டது இல்ல" என்றேன்.

சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. அதுதான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"காலையில."

"தெரிஞ்சு என்ன பண்ணீங்க?"

"சிரிச்சேன்."

அவள் படிவங்களின் கட்டிலிருந்து ஒன்றை உருவி எடுத்துப் பதிவேட்டுக்கு அடியில் வைத்தாள். எழுந்து போய் அலாரத்தின் தோளில் கைவைத்து, மற்றவர்களுக்குத் தெரியாத மாதிரி, ஏதோ வேலை சொல்லி அனுப்புவதுபோல வெளியே அழைத்து வந்தாள். திட்டவில்லை.

தாழ்வாரத்தில் அலாரம் என் முன்னால் வந்து நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எல்லாமே உங்களுக்குக் காமெடிதான மாமா. இது ஒண்ணை மட்டும் ஏன் சீரியஸா எடுத்துக்கிட்டீங்க?"

*

என் மனைவி போன் போட்டுக் கூப்பிட, ஒன்றரை மணிக்கு அக்கா கடை ஷட்டரை இறக்கிவிட்டு வந்தாள். ஆசிரியர்கள் சாப்பிடும் அறையில் அவர்கள் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். நான் நின்றேன்.

அக்கா படிவத்தைக் கையில் வாங்கி, கடையில் வாடிக்கையாளரின் காகிதத்தைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"என்னைவிட நல்லா போட்டிருக்கா."

படிவத்தை மகள் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

"ஏன்டி?"

"கேட்டா நீ அழறம்மா."

"அதுக்கு?"

"உனக்கு ஒன்பது வருஷம் நடந்ததுக்கு நான் என்னம்மா பண்ண முடியும்? நான் அப்ப பிறக்கவே இல்லையே."

அக்கா மகளின் முகத்தைப் பார்த்தாள்.

என் மனைவி நாற்காலியை அக்கா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கையெழுத்துப் போடச் சொல்லிக் கெஞ்சுவாள் என்று நான் நினைத்தேன். நானாயிருந்தால் கெஞ்சியிருப்பேன்.

"அண்ணி, இவ பண்ணினது தப்பு. அந்தத் தப்பை வெச்சு உங்களை இன்னிக்கு முடிவெடுக்கச் சொல்ல மாட்டேன். உங்க பயம் போனதுக்கு அப்புறம் போடுங்க. ஆனா ஒரே ஒரு விஷயம். பதினஞ்சு ஆயிட்டா எங்க திட்டத்துல இவளுக்கு என்னால போட முடியாது. ஒவ்வொரு புதன்கிழமையும் சுகாதார நிலையத்துல போடறோம். இவ பிறந்தநாளுக்கு முன்னாடி ரெண்டு புதன்கிழமை இருக்கு."

"ரெண்டு."

"ரெண்டுதான்."

அக்கா படிவத்தை மடித்தாள். கிழிக்கப்போகிறாளோ என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கைப்பையைத் திறந்து உள்ளே வைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நான் வந்து சும்மா உட்கார்ந்து பாக்கலாமா? மத்த பொண்ணுங்களுக்குப் போடறதை? போட்டுக்கிட்டவங்க அம்மாக்கள் இருப்பாங்க இல்ல. பேசலாம் இல்ல?"

"வாங்க அண்ணி. நாற்காலி போட்டு வெக்கிறேன்."

வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ அக்கா சொல்லவில்லை. மகளைப் பார்க்காமல் எழுந்து கடைக்குப் போனாள்.

இரண்டரைக்கு ஜீப் வந்தது. மருந்துப் பெட்டியை நான்தான் தூக்கிப் போய் ஏற்றினேன். மனசைப்போலவே பெட்டியும் கனத்தது என்று சொல்ல ஆசைதான். உண்மையில் காலையில் இருந்த அதே கனம். அந்த மருந்துக்கு அவ்வளவாக எடை கிடையாது.

பக்கத்தில் பதிவேட்டை அணைத்துக்கொண்டு நின்ற என் மனைவி, "போட்டுக்காதவங்க முப்பத்தாறு பேர்" என்றாள். ஜீப்பைப் பார்த்துச் சொன்னாளா என்னைப் பார்த்துச் சொன்னாளா தெரியவில்லை. ஏறிப் போய்விட்டாள்.

*

மாலையில் முன்சீட்டு காலி. அலாரம் கடைசி வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். நான் குரூப்பில் எதுவும் போடவில்லை. 'வண்டி எங்க வருது?' என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள்.

எட்டாவது ஸ்டாப் அம்மா சலூனில் வேலை பார்ப்பவர். கை ஈரத்தோடு வாசலில் நின்றிருந்தார். மகள் இறங்கியதும் அவள் சட்டைக் கையை மேலே தூக்கித் தோளைப் பார்த்தார். பஞ்சு ஒட்டவில்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு என் ஜன்னல் பக்கம் வந்தார்.

"அண்ணே, உங்களுக்கு நான் நன்றி சொல்லியே ஆகணும்."

"எதுக்கும்மா?"

"நான் எல்லாத்துக்கும் கையெழுத்துப் போட்டுட்டேன் தெரியுமா. நீங்க மட்டும் அன்னிக்குச் சொல்லலன்னா இவளுக்கும் போட்டுவிட்டிருப்பாங்க. வீட்டுக்குள்ள இருக்கறவர், உங்க மேடம் கோச்சுக்குவாங்கன்னு பாக்காம எங்க பிள்ளைங்களுக்காகச் சொன்னீங்க. யாரு சொல்லுவா இந்தக் காலத்துல?"

அவர் கண் கலங்கியிருந்தது. என்னை யாரும் வாழ்க்கையில் அப்படி மரியாதையாகப் பார்த்ததில்லை.

பின்னால் கடைசி வரிசையிலிருந்து அலாரத்தின் குரல் வந்தது. சத்தமாக இல்லை.

"எனக்கும் அதனாலதான் போடல ஆன்ட்டி. நான் போட்டுக்கணும்னு இருந்தேன்."

அந்த அம்மா அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. இன்னும் மூன்று ஸ்டாப் பாக்கி, ஒன்பதாவது ஸ்டாப்பில் இந்நேரம் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினேன். லாரிக்காரர் என் வம்சத்தைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு ஒதுங்கிப் போனார். கதவைத் திறந்து கீழே இறங்கி அந்த அம்மாவின் எதிரே நின்றேன்.

"என்னண்ணே? என்ன ஆச்சு?"

வாயைத் திறந்தேன். ஜோக் என்றால் முதல் வரி தானாக வந்திருக்கும்.